பெண் பார்க்கப் போன வீட்டின் கொடிக்கம்பி

போன மாதம் நம் ஒயர்மேன் சங்கக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தாராம். குளியலறை ஹீட்டருக்கு எர்த் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம். சொன்னால் மாமனார் முகம் சுருங்கும், மச்சான்கள் கிண்டல் செய்வார்கள் என்று பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாராம். “வேலைக்குப் போன இடத்துல சொல்றது நம்ம கடமைங்க. விருந்துக்குப் போன இடத்துலயும் சொல்லோணுமுங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். பதிலை எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் பதிலை அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நான் முப்பத்து நான்கு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒயர்மேனாக இருந்தவன். எத்தனை மோட்டார் மாற்றினேன், எத்தனை முறை பியூஸ் கட்டினேன் என்பதையெல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் எழுதப்போவது வேலைக்குப் போகாத ஒரு நாளைப் பற்றி. அன்றைக்கு என் கையில் குறடும் இல்லை, டெஸ்ட் லேம்பும் இல்லை. வெள்ளை வேட்டியும் நெற்றியில் திருநீறும்தான் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. அப்போது நம் தொழிலுக்கு மரியாதை உண்டு, பெண் கிடையாது. ஓடாத மெஷினைப் பார்க்க ஒயர்மேன் வந்தால் முதலாளியே எழுந்து வழிவிடுவார். அதே ஒயர்மேனுக்குப் பெண் கேட்டுப் போனால், “கரண்டுல கைய வெச்சுப் பொழைக்கறவருங்களா, ரோசன பண்ணிச் சொல்றோமுங்க” என்பார்கள். அந்த யோசனை முடியவே முடியாது. எனக்கு இரண்டு இடம் அப்படித்தான் கைநழுவிப் போனது.

மூன்றாவதாக ஊத்துக்குளியில் ஓர் இடம் வந்தபோது என் அம்மா உஷாராகிவிட்டார். அப்பா என் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டதால் எங்கள் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். தரகரிடம், “மாப்ள மெஷின் மேஸ்திரின்னு சொல்லுங்க, போதும்” என்று சொல்லிவிட்டார். நான் முணுமுணுத்தேன்.

“பொய்யெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. மோட்டாரும் மெஷினுதான? கண்ணாலம் முடிஞ்ச பொறவு தெரிஞ்சா என்ன பண்ணிப்போடுவாங்க?” என்றார் அம்மா.

எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லப்பட்டவனுக்கு மூன்றாவது முறை உண்மை பேசும் ஆசை குறைந்துவிடும்.

ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் அம்மா, பெரியப்பா, பெரியம்மா, தரகர், நான் என ஐந்து பேர் ரயில் ஏறிப் போனோம். காலையில் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. பெண் வீட்டில் நான்கைந்து எருமைகள், வெண்ணெய் வியாபாரம். வாசலில் கால் வைக்கும்போதே நெய் உருக்கும் வாசம் வந்தது. முன்கூடமான ஆசாரத்தில் ஜமுக்காளம் விரித்து எங்களை உட்கார வைத்தார்கள். பெண்ணின் அப்பா அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேசியவர் பெண்ணின் தாய்மாமன்.

தாய்மாமன் என்றால் நம் பக்கத்துக் கல்யாணத்தில் என்ன இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தலையசைக்காமல் ஒரு முடிச்சு விழாது. அந்த மாமனுக்கு மாவு மில்லில் வேலை. மோட்டார் பக்கத்திலேயே இருந்து பழகியதால் கரண்டு வேலையும் தனக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. “இந்த ஊட்டு ஒயரிங் பூராவும் நம்ம கைதானுங்க. வெளியாளு ஒருத்தன் தொட்டதில்ல” என்று பெருமையாகச் சொன்னார். நான் மெஷின் மேஸ்திரி அல்லவா, அதனால் வியந்து கேட்டுக்கொண்டேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை பேசக் கூடாது. கேட்டதற்கு ஆமாங்க, இல்லீங்க, அவ்வளவுதான். பேச்சில்லாதவனுக்குக் கண்தான் வேலை செய்யும். எனக்கு நேரே புழக்கடைக் கதவு திறந்திருந்தது. அங்கே சுவரோரம் ஒரு கல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஓர் எருமை அதன் பக்கம் போய் மூக்கை நீட்டியது, சட்டென்று தலையை இழுத்துக்கொண்டது, தள்ளிப்போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது, மறுபடி இழுத்துக்கொண்டது. பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் குடத்தில் தண்ணீர் எடுத்துப்போய் அதைத் தள்ளி நிறுத்திக் குடிக்க வைத்தாள். அவள்தான் ருக்குமணி என்று எனக்கு அப்போது தெரியாது. எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அதனிடம் ஏதோ நியாயம் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா சொன்னார்: “பத்து நாளா தொட்டித் தண்ணியக் குடிக்க மாட்டீங்குதுங்க. நல்லாக் கறக்கற எருமை, கண்ணு பட்டுப்போச்சுங்க. கயிறு மந்திரிச்சுக் கட்டியிருக்கறோம்.”

அப்போதுதான் என் கண் தொட்டியிலிருந்து மேலே போனது. கம்பத்திலிருந்து வரும் ஒயர் சுவரோரம் ஓர் இரும்புக் குழாய்க்குள் இறங்கியது. அந்தக் குழாயில் துணி காயப்போடும் கொடிக்கம்பியின் ஒரு முனையை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். மறு முனை தொட்டியோரம் அடித்திருந்த ஓர் இரும்பு முளையில் இருந்தது. எருமையைக் கட்டுவதும் அதே முளையில். குழாயின் வாயில் ஒயரின் ரப்பர் தேய்ந்து கம்பி வெளியே தெரிந்தால் போதும், குழாய், கொடி, முளை, அதைச் சுற்றிய ஈர மண் எல்லாவற்றிலும் கரண்டு இருக்கும். வெயில் நாளில் லேசாக, மழை நாளில் பலமாக. எருமைக்கு நம்மைவிட அது சீக்கிரம் தெரியும்.

ஆனால் அது வெறும் சந்தேகம் என்று சொல்லிக்கொள்ள இன்னும் இடம் இருந்தது.

ஒப்புட்டுப் போளி வைத்தார்கள். ஊத்துக்குளி நெய் என்றால் சும்மாவா, இலையில் குளம் கட்டி நின்றது. தின்றுவிட்டுக் கை கழுவப் புழக்கடைக்குப் போனேன். சொம்பில் தண்ணீர் ஊற்ற ருக்குமணியை அனுப்பினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் கிட்டத்தில் பார்த்துக்கொள்ள அந்தக் காலத்துப் பெரியவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அதுதான். பேசிக்கொள்ள அல்ல. அவள் ஊற்றினாள், நான் கழுவினேன். துடைக்கத் துண்டு வேண்டும் என்று கொடியில் கிடந்ததை எடுக்க ஈரக்கையை நீட்டினாள். கை சுண்டி இழுத்தது. உதறிக்கொண்டு, வெட்கப்பட்டு, சிரித்துவிட்டாள்.

“ஒரு வாரமா இந்தக் கொடி இப்படித்தானுங்க. சுருக்குன்னு கடிக்குது” என்றாள்.

அன்றைக்கு அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். நான் துண்டை வாங்கும் சாக்கில் புறங்கையால் கொடியைத் தொட்டேன். உங்களுக்குத் தெரியும், நம் ஆட்கள் எதையும் உள்ளங்கையால் தொடுவதில்லை. புறங்கையில் முள் மாதிரி குத்தியது. இனிச் சந்தேகம் என்று சொல்லிக்கொள்ள இடமில்லை.

வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. இவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்பார்கள், மெஷின் மேஸ்திரி வேஷம் கலையும். மாமன் வேலையைக் குறை சொன்னதாகும். நல்ல காரியத்துக்கு வந்த வீட்டில் சாவைப் பற்றிப் பேசியதாகும். இவள் இப்படிச் சிரித்ததை மறுபடி பார்க்க முடியாமல் போகும். நான் என்ன செய்தேன் தெரியுமா தம்பிகளே, பதிலுக்குச் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. இந்த வயதில் அதை எழுத வெட்கமில்லை. எருமையிடம் நியாயம் பேசுகிற, கரண்டு கடித்தாலும் சிரிக்கிற ஒருத்தியோடு வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “கமுக்கமா இரு. தகவல் வரட்டும்” என்றார்.

மறுநாள் கம்பெனியில் எங்கள் போர்மேனிடம் கேட்டேன். நான் பார்த்த மனிதர்களிலேயே கெட்டிக்காரர், நிதானமானவர். எத்தனையோ முறை என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். அவரே சொன்னார்: “நிச்சயம் ஆகட்டும்டா. மாப்ளையாப் போயி ஒரே நாள்ல சரி பண்ணிப்போடலாம். இப்ப வாயத் தொறந்தீன்னா பொண்ணும் போச்சு, மாமன் பகையும் ஆச்சு.” அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டிய பதில் கிடைக்கும்படியாகத்தான் நான் கேள்வியைக் கேட்டிருந்தேன். எருமை தண்ணீர் குடிக்காததைச் சொன்னேன். அவள் கை சுண்டி இழுத்ததைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரகர் வந்தார். பெண் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம், பெண்ணுக்கு ரொம்பவே சம்மதம் என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே வெளியே மழை பிடித்துக்கொண்டது. இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்தது. ஓட்டில் விழும் ஒவ்வொரு துளியும் அந்தக் குழாயின் வாயில் விழுவதாகவே எனக்குக் கேட்டது. விடிந்ததும் குறடு, டெஸ்ட் லேம்ப், ரப்பர் கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு முதல் ரயிலைப் பிடித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த வீட்டு முன்னால் கூட்டம் நின்றது. யாருக்கு என்று கேட்கப் பயந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர் தாமாகவே, “எருமை மேல இடி விழுந்துருச்சுங்க” என்றார். எருமை என்று காதில் விழுந்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன்.

உள்ளே போனேன். தொட்டியோரம் எருமை கால்களை நீட்டிக் கிடந்தது. பால் கறக்கப் போன நேரத்தில் அது சாய்ந்திருக்கிறது. ருக்குமணி கயிற்றை அவிழ்க்க ஓடியிருக்கிறாள், வலது கை கொடியில் பட்டிருக்கிறது, தூக்கி எறிந்திருக்கிறது. இப்போது கதவோரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் வெண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது, ஆனால் உயிரோடு இருந்தாள். அவளுடைய அப்பாவும் மாமனும் எருமையை இழுத்துப் போடக் கயிறு கட்டக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

“தொடாதீங்க” என்று கத்தினேன்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை இந்த நேரத்தில் எங்கே வந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

“இடி இல்லீங்க, கரண்டு. தள்ளி வாங்க.”

“எதுக்கும் இருக்கட்டும்னு மெயின அணைச்சுட்டுத்தானுங்க வந்தேன்” என்றார் மாமன். எரிச்சல் இருந்தது குரலில். “இனி என்ன பயம்?”

தம்பிகளே, மெயினை அணைத்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் இரண்டு முறை யோசியுங்கள். கோளாறு மெயினுக்கு முன்னால், குழாயின் வாயில் இருந்தது. மெயினை அணைத்தால் வீட்டு விளக்குதான் அணையும். அந்த முளையில் அப்போதும் கரண்டு இருந்தது. அதை விளக்கிச் சொல்ல நேரமில்லை. மாமன் பிடிவாதமாக மறுபடி குனிந்தார். நான் அவர் சட்டையின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தேன். அவர் சேற்றில் மல்லாந்து விழுந்தார். பெண்ணின் தாய்மாமனை, ஊரே பார்க்க.

“நான் ஒயர்மேனுங்க. மெஷின் மேஸ்திரி இல்லீங்க. இதுதான் எனக்குத் தொழில். நான் சொல்றதக் கேளுங்க” என்றேன்.

காய்ந்த உலக்கை ஒன்றை வாங்கி, மரப் பலகை மேல் நின்றுகொண்டு, கொடிக்கம்பியைக் குழாயிலிருந்து தட்டி விடுவித்தேன். விலகும்போது நீலமாகப் பொறி பறந்தது. அதைப் பார்த்த பிறகு யாரும் ஓர் அடி முன்னால் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சைக்கிளில் போய் லைன்மேனைக் கூட்டி வந்தார். கம்பத்தில் பியூஸைப் பிடுங்கிய பிறகுதான் நான் குழாயில் கை வைத்தேன். மீதி வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரு மணி நேர வேலை. அதை மூன்று நாள் முன்னால் செய்திருக்கலாம்.

மாமன் சேற்றைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். “என்ற கையால அந்தப் புள்ளயக் கொன்னுருப்பனுங்களே” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். இந்த மனிதரிடம் சொல்லத்தான் பயந்தேனா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்து கை கழுவப் போனேன். இந்த முறையும் ருக்குமணிதான் இடது கையால் சொம்பை எடுத்து வந்தாள். யாரும் அனுப்பவில்லை. தண்ணீர் ஊற்றாமல் நின்றாள்.

“ஒயர்மேனுன்னா, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்று கேட்டாள்.

ஒரு பொய் போதும். இன்றைக்குக் காலையில்தான் யோசித்தேன், உடனே ஓடி வந்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பவே விரும்பினாள், அவள் முகத்தில் அது தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு பொய்யால் வந்த வினையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தெரியுமுங்க” என்றேன்.

“நானே வாய் விட்டுச் சொன்னேனுங்களே. கடிக்குதுன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க.”

நான் அவள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன்.

“தெரிஞ்சுக்கிட்டே ஒப்புட்டு தின்னுட்டுப் போயிட்டீங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத குழந்தை கேட்பது போலக் கேட்டாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்துத் தரகர் வந்தார். பெண்ணின் அப்பாவுக்கு என் தொழில் தெரிந்துபோனதில் வருத்தமே இல்லையாம். கரண்டு வேலையானால் போச்சாது, பரவாயில்லை, இவரால்தான் இரண்டு உயிர் தப்பியது, இவருக்கே கொடுக்கலாம் என்று மாமனும் மல்லுக்கு நின்றாராம். பெண் மட்டும் வேண்டாம் என்றுவிட்டதாம். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். ஊர்ப் பேச்சுக்கு ஆளாகாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

அப்புறம் பொங்கலூர்ப் பக்கம் எனக்குக் கல்யாணம் ஆனது. தொழிலைச் சொல்லித்தான் பெண் கேட்டோம். என் வீட்டுக்காரி நல்ல மனுஷி. நான் செய்ததை முதல் வருஷத்திலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். என்னோடு விருந்துக்கு வருவதற்கு மட்டும் அவள் பயப்படுவாள். “மொதல்ல சாப்பிட உடுங்க, அப்பறம் எர்த்தப் பாருங்க” என்பாள். நான் கேட்டதில்லை. இலை போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். வாயில் சோறு போன பிறகு வார்த்தை வராது, அது எனக்கு அனுபவம்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு நூல் வியாபாரி, பாய், நோன்புப் பெருநாளுக்குக் கூப்பிட்டிருந்தார். வாசலில் போட்டிருந்த சீரியல் விளக்கின் ஒயர் இரும்புக் கதவில் உரசிக்கொண்டிருந்ததைச் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “உங்களக் கூப்பிட்டதே அதுக்குத்தான்னு நெனச்சுக்குங்க” என்றார். எல்லோரும் பாய் மாதிரி இருக்க மாட்டார்கள். என் பங்காளி ஒருவர் கல்யாணப் பந்தலில் நான் கரண்டு கசிந்த மைக் செட்டை நிறுத்தச் சொன்னதற்காக ஆறு வருஷம் என்னோடு பேசவில்லை. முகூர்த்த நேரத்தில் அபசகுனம் பிடித்தவன் என்று காது படச் சொன்னார்கள். வலிக்கத்தான் செய்தது. வலித்தால் என்ன, அந்தப் பந்தலுக்கு வந்தவர்கள் எல்லோரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

அந்தத் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்று வேண்டுமானால் யோசியுங்கள். யார் ஒயரிங் செய்தது என்று கேட்காதீர்கள், அது சண்டையில் முடியும். ஈரக்கையோடு புழங்குகிறவர்களிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு அது கடிப்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும், கேட்கத்தான் ஆள் இருக்காது. சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள், நானே சரி செய்து தருகிறேன் என்று சட்டையை மடித்துவிடுங்கள். சும்மா குறை சொல்கிறவனைத்தான் யாருக்கும் பிடிக்காது. உறவு கெடும் என்று நினைத்தால் ஒன்றை மட்டும் யோசியுங்கள். சொன்னால் கெடுகிற உறவு ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். என் பங்காளி ஏழாவது வருஷம் என் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினார். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேலே எழுதியிருக்கிறேன். இன்றைக்கே போங்கள் தம்பி, மாமனார் வீட்டுக்கு.

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்ததே இன்னொன்றைச் சொல்லத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மோட்டார் விஷயமாக ஊத்துக்குளி போய்விட்டுத் திரும்பி வர ஸ்டேஷனுக்கு வந்தேன். மழை விட்டிருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு தகரக்கூரை டீக்கடை. பல்பு ஒயர் தகரத்தின் மேலேயே கிடந்தது, நான்கு பேர் அந்தக் கூரையைத் தாங்கும் இரும்புக் கம்பத்தில் சாய்ந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரிடம் சொன்னேன்.

“டீக் குடிக்க வந்தீங்களா, வேவு பாக்க வந்தீங்களா?” என்றார்.

“ரெண்டு நிமிசம் சுவிட்ச அணைச்சுக் குடுங்க. நானே ஒயரத் தூக்கிக் கட்டிப்போடறனுங்க, காசு வேண்டாம்” என்றேன்.

கம்பத்தில் சாய்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் பைத்தியம் என்று மெதுவாகச் சொன்னார். கடைக்காரர் சலித்துக்கொண்டே சுவிட்சை அணைத்தார். நான் பெஞ்சில் ஏறி, ஒயரைத் தகரத்தை விட்டுத் தூக்கி மூங்கிலில் கட்டிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

“இப்பெல்லாம் சொல்லிப்போடறீங்க போல.”

ருக்குமணி நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கப் போயிருக்க வேண்டும்.

“சொல்லிப்போடறனுங்க” என்றேன்.

அவள் அந்தப் பல்பு ஒயரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, மாமன் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாருங்க. பெரிய சண்டை ஆயிருக்கும். நான் உங்க பக்கம் நின்னுருப்பனுங்க.”

ரயில் வரும் மணி அடித்தது. குழந்தையைக் கூட்டிக்கொள்ள அவள் வலது கையை நீட்டியபோது உள்ளங்கையில் அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. “வர்றனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் அதே ரயிலில்தான் திருப்பூர் போயிருக்க வேண்டும். ஏறவில்லை.